என் கண்ணை வெட்டிப் பாருங்க... விஞ்ஞானி டால்டன் விட்டுச்சென்ற கேள்விக்கு 150 ஆண்டு கழித்து கிடைத்த பதில்!

ஸ்கூல் கெமிஸ்ட்ரியில் 'டால்டனின் அணுக்கொள்கை' படித்த ஞாபகம் இருக்கா? அந்த ஜான் டால்டனுக்கு சிவப்பும் பச்சையும் நம்மைப் போலத் தெரியாது. அதுவும் 26 வயதுவரை அவருக்கே இது தெரியாது.

1766-ல் இங்கிலாந்தின் ஈகிள்ஸ்ஃபீல்டு கிராமத்தில் நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 12 வயதிலேயே பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார் (அந்த வயதில் நாம ஹோம்வொர்க்கே ஒழுங்கா முடிச்சதில்லை!).

1792-ல் ஒருநாள் ராத்திரி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு ஜெரேனியம் பூவைப் பார்க்கிறார். அது இளஞ்சிவப்புப் பூ. ஆனால் பகலில் அவர் கண்ணுக்கு வான நீலமாகத் தெரிந்திருந்தது. இப்போதோ நீலத்தின் சாயலே இல்லை! நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினால், பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்கிறார்கள். அவர் பார்த்ததைப் போலவே பார்த்தது ஒரே ஒருவர்தான்: கூடப்பிறந்த அண்ணன். அப்படியானால் இது பிறவியிலேயே வருவது என்று டால்டனுக்குப் புரிந்தது.

அடுத்த ஆண்டு மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். 1794-ல் அங்குள்ள அறிஞர் சங்கத்தில் தன் கண்ணைப் பற்றியே கட்டுரை வாசித்தார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் தனக்கு மட்டும் நீல நிறமாக இருக்கும், அது சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். கண்ணுக்குள்ளேயே ஒரு கூலிங் கிளாஸ் மாதிரி! ஆனால் உயிரோடு இருக்கும்போது இதை எப்படிச் சோதிப்பது? இறந்த பிறகு கண்ணை அறுத்துப் பார்க்கச் சொல்லி வைத்தார்.

நடுவில் அணுக்கொள்கை, புகழ் எல்லாம் வந்தன. 1834-ல் மன்னர் நான்காம் வில்லியமைச் சந்திக்க ஆக்ஸ்ஃபோர்டு பட்டத்துக்கான செக்கச்சிவந்த அங்கியில் போனார். பகட்டான நிறங்களைத் தவிர்க்கும் குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர் அவர். ஆனால் அவர் கண்ணுக்குத்தான் அது பகட்டாகவே தெரியாதே.

1844 ஜூலை 27-ல் டால்டன் இறந்தார். சொன்னபடியே டாக்டர் ஜோசப் ரான்சம் கண்ணைத் திறந்தார். திரவத்தில் நீலம் இல்லை, தெளிவாக இருந்தது. இன்னொரு கண்ணின் பின்பக்கத்தை வெட்டி அதன் வழியாகப் பார்த்தார். சிவப்பும் பச்சையும் இயல்பாகவே தெரிந்தன. அரை நூற்றாண்டு நம்பிய விளக்கம் தப்பு.

அப்போ உண்மையான காரணம்? விழித்திரையில் உள்ள மூன்று வகை கூம்பு செல்களின் சிக்னல்களை ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தைக் கணக்கிடுகிறது. ஒரு வகை இல்லாவிட்டால் கணக்கே மாறிவிடும். டால்டன் வாழ்ந்த காலத்திலேயே தாமஸ் யங் இதை ஏறக்குறைய ஊகித்துவிட்டார். ஆனால் டால்டனிடம் இல்லாதது சிவப்புக்கானது என்று நினைத்தார். அதுவும் தப்பு!

நல்லவேளை, கண்ணின் மிச்சத்தை மான்செஸ்டர் சங்கம் தூக்கிப் போடவில்லை. 1995-ல் விஞ்ஞானிகள் அதிலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். டால்டனிடம் இல்லாதது, பச்சை ஒளியை அதிகம் உணரும் கூம்பு செல்லின் நிறமிக்கான மரபணு. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மரபணு அது. அம்மா வழியாக அண்ணன், தம்பி இருவருக்கும் வந்த குறை.

ஜெரேனியம் புதிருக்கும் விடை இருக்கிறது. அந்தப் பூ நீலம், சிவப்பு இரண்டு ஒளியையும் பிரதிபலிக்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நீல ஒளி ரொம்பவே குறைவு. நமக்கு அப்போதும் பூ சிவப்புச் சாயலில்தான் தெரியும். நீலம், மஞ்சள் என்ற இரண்டு பக்கம் மட்டுமே இருந்த டால்டனின் கண்ணுக்கோ, பூ ஒரே ராத்திரியில் நீலத்திலிருந்து மறுபக்கம் தாவிவிட்டது.