சந்திரசேகரும் சாஸ்திர மகாநாடும்

கலாசாலை மாணவர் ஒருவர் முதன்முறையாக ஒரு சாஸ்திர மகாநாட்டிற்குச் செல்லும்போது, அவருள்ளத்தில் ஆவலும் அச்சமும் ஒருங்கே எழுதல் இயல்பு. பேரறிஞர் குழுமிய மண்டபத்தில் தமக்கென்ன இடம், எவரை அணுகுவது, வாய்திறந்தால் நகைப்புக்கு ஆளாவோமோ என்னும் ஐயங்கள் அவரைச் சூழ்ந்து நிற்கும். சில நாள் கழித்து, உண்ட விருந்தும் கண்ட ஊருமே நினைவில் எஞ்ச, வெறுங்கையோடு திரும்புவோரும் உளர். இத்தகைய கூட்டங்களால் ஓர் இளைஞன் எவ்வளவு பயன் பெறக்கூடும், எத்தகைய அடியையும் தாங்க நேரும் என்பதை அறிய, நமது சென்னையில் வளர்ந்த ஸுப்ரமண்யன் சந்திரசேகரின் வாழ்க்கையைக் காட்டிலும் சிறந்த சான்று நமக்குக் கிடைப்பது அரிது.

சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி லாகூரில் பிறந்தார். தந்தையார் ஸுப்ரமண்ய ஐயர் அரசாங்கக் கணக்கு இலாகாவில் உயர்ந்த பதவி வகித்தவர். தாயார் சீதாலட்சுமி அம்மையார் இப்ஸன் என்னும் நார்வே நாட்டு ஆசிரியரின் நாடகமொன்றைத் தமிழில் ஆக்கித் தந்தவர். பௌதிக சாஸ்திரி ஸர் சி. வி. ராமன் இவருக்குச் சிற்றப்பனார் ஆவர். 1918-இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. மயிலாப்பூரில், அந்நாளில் எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்றும் இந்நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்றும் வழங்கும் வீதியில் அமைந்த ‘சந்திர விலாஸ்’ என்னும் இல்லமே இவர் வளர்ந்த இடம். பன்னிரண்டு வயது வரையில் வீட்டிலேயே பாடங்கேட்டுப் பின் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பள்ளியிற் பயின்று, 1925-இல் கடற்கரையிலுள்ள பிரஸிடென்ஸி கலாசாலையிற் சேர்ந்தார். கணிதத்தில் நாட்டம் மிகுந்திருந்தும், தந்தையாரின் விருப்பிற்கிணங்கிப் பௌதிகத்தை ஆனர்ஸ் பாடமாக எடுத்தார். எனினும் கணித வகுப்புகளுக்கும் விடாது சென்று வந்தார்.

1928-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய அறிஞர் ஸொம்மர்பெல்ட் சென்னைக்கு வந்து இக்கலாசாலையிற் சொற்பொழிவாற்றினார். அணுவின் அமைப்பைப் பற்றி அவர் இயற்றிய நூலைச் சந்திரசேகர் அதற்கு முன்பே கசடறக் கற்றிருந்தார். கூட்டம் கலைந்தபின் கேட்டு மகிழ்ந்தோம் என்று வீடு திரும்பாமல், மறுநாள் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே சென்று கண்டார். அப்பெரியவரோ, அந்நூலில் உள்ள கொள்கை பழையதாகிவிட்டது என்றும், ஹைஸன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் முதலியோரால் பௌதிகமே புதுவழியிற் செல்லத் தொடங்கிற்று என்றும் எடுத்துரைத்தார். தாம் அரிதில் முயன்று கற்றது பயனற்றது என்று கேட்டால் மனம் உடைவோர் பலர். சந்திரசேகரோ, புதியதைக் கற்பது எவ்வாறு என்று வினவினார். உலோகங்களிலுள்ள எலெக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதி அச்சிலிருந்த கட்டுரையின் அச்சுப் பிரதியை ஸொம்மர்பெல்ட் அவருக்கு அளித்தார்.

அந்தச் சில தாள்கள் மேலும் ஒரு கட்டுரைக்கு வித்தாயின. அவற்றிற் கண்ட புதிய புள்ளியியல் முறையைக் கொண்டு சந்திரசேகர் தாமே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, 1929 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த பௌலர் என்னும் பேராசிரியருக்கு அனுப்பினார். அஃது அவ்வாண்டிலேயே லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் அச்சேறிற்று. அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. அதே ஆண்டு அக்டோபரில் ஹைஸன்பர்க் சென்னைக்கு வந்தபோது, அவருக்கு ஊர் சுற்றிக் காட்டும் பணி இம்மாணவர் பங்காயிற்று. கடற்கரைச் சாலையிற் சென்ற நேரமும் பௌதிகப் பேச்சிலேயே கழிந்தது.

1930 ஜனவரியில் அலகாபாத்தில் இந்திய ஸயன்ஸ் காங்கிரஸ் கூடிற்று. 1914-இல் கல்கத்தாவில் முதன்முதற் கூடிய அம்மகாநாடு அதற்குள் நம் நாட்டு விஞ்ஞானிகளின் தலைமைச் சபையாக வளர்ந்திருந்தது. அங்கே பேராசிரியர் மேகநாத ஸாஹா இருந்தார். விண்மீன்களின் ஒளியைப் பகுத்து அவற்றின் வெப்பநிலையை அறிய வழிசெய்த சூத்திரத்தைக் கண்டவர் அவர். பத்தொன்பது வயதுச் சந்திரசேகர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளத் தயங்க வேண்டியிருக்கவில்லை; ராயல் சங்க வெளியீட்டில் வந்த கட்டுரையை ஸாஹா முன்னரே கண்டிருந்தார். அவர் அதனைப் பாராட்டி, இவரைத் தம் இல்லத்திற்கு விருந்துக்கும் அழைத்தார். மகாநாட்டில் பெற்ற இம்மதிப்பு மகாநாட்டில் விளைந்ததன்று என்பதை நாம் கருதுதல் வேண்டும். மயிலாப்பூர் வீட்டில் ஓராண்டுக்கு முன் செய்து முடித்த வேலையே அவருக்கு முன்னே சென்று வாயிலைத் திறந்து வைத்தது.

அவ்வாண்டு ஜூலை 31-ந் தேதி, அரசாங்க உதவித்தொகை பெற்றுப் பம்பாயினின்று கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். தாயார் நோயுற்றிருந்தார்; மகனது பயணத்தைத் தடுக்காது விடை கொடுத்தார். 1931-இல் அவர் காலமானபோது மைந்தர் கடல்கடந்த நாட்டில் இருந்தார். கப்பலிற் சென்ற நாட்களில் இவர் கணித்ததொன்று வானசாஸ்திரத்தையே மாற்றுவதாயிற்று. எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறு மீனாகும் என்றும், அதனுள் நெருங்கிய எலெக்ட்ரான்களின் அழுத்தமே அதைத் தாங்கி நிற்கும் என்றும் பௌலர் 1926-இல் காட்டியிருந்தார். அவ்வளவு நெருக்கத்தில் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை அணுகுமாதலால் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையும் சேர்த்துக் கணிக்க வேண்டும் எனச் சந்திரசேகர் கண்டார். அவ்வாறு கணித்தபோது, ஓர் எல்லைக்கு மேற்பட்ட பொருளுடைய விண்மீனை அவ்வழுத்தம் தாங்காது என்பது தெரிந்தது. அவ்வெல்லை சூரியனது நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று கொள்ளப்படுகிறது.

இக்கொள்கையை விரித்து, 1935-ஆம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி லண்டன் ராயல் வானசாஸ்திர சங்கக் கூட்டத்தில் அவர் எடுத்துரைத்தார். அதற்கு முந்திய மாதங்களில், அக்காலத்து வானசாஸ்திரிகளுள் தலைசிறந்தவரான எடிங்டன் அடிக்கடி இவரது அறைக்கு வந்து கணக்கு எவ்வளவில் உள்ளது என்று கேட்டறிவார். ஆனால் அதே தலைப்பில் தாமும் பேசப்போவதை அவர் கூறவில்லை. நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தபின்னரே அது தெரிந்தது. சந்திரசேகர் பேசி அமர்ந்ததும் எடிங்டன் எழுந்து, அக்கொள்கையின் அடிப்படையே தவறு என்றும், விண்மீன் அவ்வாறு முடிவின்றிச் சுருங்குதல் நகைப்புக்கிடமானது என்றும், அதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீரும் என்றும் வாதித்தார். சபையில் சிரிப்பு எழுந்தது. இருபத்து நான்கு வயது இளைஞர் அன்றிரவு மனம் நொந்து கேம்பிரிட்ஜ் திரும்பினார்.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. போர், பாலி முதலிய பௌதிக மேதைகள், பிழை எடிங்டனுடையதே என உணர்ந்திருந்தும், அதனை வெளிப்படையாகச் சொல்ல முன்வரவில்லை. அவ்வாண்டு பாரிஸில் கூடிய சர்வதேச வானசாஸ்திரச் சங்கத்தில் எடிங்டன் மீண்டும் இக்கொள்கையைத் தாக்கியபோது, மறுமொழி கூறச் சந்திரசேகருக்கு அனுமதி அளிக்கப்படவில்லை.

இந்நிலையில் அவர் செய்தது யாது? கசப்பை வளர்த்துக்கொண்டு வாதாடுவதில் வாழ்நாளைக் கழிக்கவில்லை; தாம் கண்டதைக் கைவிடவும் இல்லை. தம் ஆராய்ச்சி முழுவதையும் விண்மீன் அமைப்பைப் பற்றிய ஒரு நூலாக வகுத்து 1939-இல் வெளியிட்டுவிட்டு, வேறு துறைக்குச் சென்றார். 1937 முதல் சிகாகோ சர்வகலாசாலையில் பணியாற்றினார். ஒரு துறையில் புகுந்து, அதனை முற்றும் ஆராய்ந்து, நூலியற்றிப் பின் அடுத்த துறைக்குச் செல்வதே அவர்தம் வழக்கமாயிற்று. எடிங்டனிடம் நட்பும் முறியவில்லை. தம் சைக்கிள் பயணங்களைப் பற்றி அவர் எழுதும் கடிதங்கள் சந்திரசேகருக்கு வந்துகொண்டேயிருந்தன. 1982-இல் எடிங்டனின் நூற்றாண்டை ஒட்டிக் கேம்பிரிட்ஜில் நிகழ்ந்த சொற்பொழிவுகளை ஆற்றி, அவரது பெருமையை எடுத்தோதியவரும் சந்திரசேகரே. அடுத்த ஆண்டில் நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. கப்பலிற் கணித்ததற்கும் பரிசு பெற்றதற்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

அவர் நம் நகரை மறக்கவில்லை. 1962 ஜனவரி 3-ந் தேதி, கணித விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்தைத் தாம் பயின்ற பிரஸிடென்ஸி கலாசாலையிலேயே தொடங்கி வைத்தார். அந்நிலையம் இன்று அடையாற்றை அடுத்த தரமணியில் விளங்குகின்றது. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி அவர் சிகாகோவில் காலமானார். 1999-இல் விண்ணிற் செலுத்தப்பட்ட எக்ஸ்-கதிர் தொலைநோக்கி ‘சந்திரா’ என அவர் பெயரையே தாங்கியுள்ளது.

நம் கலாசாலை மாணவருள்ளும் சிலர் விரைவில் தம் முதல் மகாநாட்டிற்குச் செல்லக்கூடும். அவர்களுக்கு இவ்வரலாறு சில நெறிகளை உணர்த்தும் என்று நம்புகிறோம். காண விரும்பும் பெரியவரின் நூலை முன்னரே கற்றுச் செல்க. சிறிதாயினும் தாமே செய்து முடித்த வேலையொன்றைக் கையிற்கொண்டு செல்க. கூட்டம் கலைந்தபின் அவரைத் தேடிச்சென்று வினவுக. கிடைத்த குறிப்பை ஊர் திரும்பியதும் உழைப்பாக மாற்றுக. ஒருகால் சபை சிரிக்குமாயின், வீடு சென்று கணக்கை மறுபடியும் பார்க்க, பிழையிருப்பின் திருத்துக, இல்லையாயின் அமைதியாய் அச்சிற் பதித்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குக. சபையின் சிரிப்பு ஒரு மாலையோடு ஓயும். சரியான கணக்கோ காத்திருக்கும் ஆற்றல் உடையது.