செபமாலை அணிந்து வந்த யாசகர்

1687ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே யாசகர் ஒருவர் வீடு வீடாகச் சென்று அன்னம் கேட்டு நடந்தார். உடலிலே கந்தல் ஆடை. வயிற்றுளைவு நோயால் மெலிந்த தேகம். கழுத்திலே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு செபமாலை. அன்னமிட வந்தவர்கள் அந்தச் செபமாலையைக் கண்டதும் அவர்கள் முகத்தில் ஏதேனும் மாற்றம் தோன்றுகிறதா என்று அவர் உற்று நோக்கினார். அந்த யாசகர் ஒரு கத்தோலிக்கக் குரு. அவர் தேடியது உணவையன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மேய்ப்பரின்றித் தவித்த மந்தையையே தேடினார்.

அந்த மந்தைக்கு நேர்ந்தது என்ன? 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்களுடைய ஆட்சியிலே குடாநாடெங்கும் ஆலயங்கள் எழுந்தன. மக்கள் பெருந்தொகையாக ஞானஸ்நானம் பெற்றனர். விசுவாசத்தால் பெற்றவரும் உண்டு; ஆள்வோரின் தயவை நாடிப் பெற்றவரும் உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியதும் யாவும் தலைகீழாயின. குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று அறிவிக்கப்பட்டது. கத்தோலிக்க ஆலயங்கள் கல்வினிய சபையின் தொழுகை இடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. ஞானஸ்நானமும் திருமணமும் அச்சபையின் ஏட்டிலே பதியப்பட வேண்டும். இல்லையேல் உத்தியோகமும் உரிமையும் கிட்டுவது அரிது. ஆகவே பலர் ஏட்டிலே ஒரு சமயமும் இல்லத்திலே வேறொரு சமயமுமாக வாழ்ந்தனர். விரத உணவு உண்ட வாழையிலையைக் கூரை இறப்பிலே செருகி மறைத்த சைவ அயலவர்களின் கதையும் இந்த மண்ணில் வழங்குவதே. அந்நிய ஆட்சியிலே மனச்சாட்சியை மறைத்து வாழும் வேதனை நமக்கு மட்டும் உரியதன்று.

அந்த யாசகரே யோசேவ் வாஸ் அடிகள். 1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவில், தம் தாயின் ஊராகிய பெனவ்லிமில் பிறந்தவர். தாய்மொழி கொங்கணி. 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மறு ஆண்டே தம்மை அன்னை மரியாவுக்கு அடிமையாக ஒப்புக்கொடுத்துச் சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். கன்னட நாட்டின் கரையோரத்திலே சில ஆண்டுகள் உழைத்தபின், 1685இல் கோவாவில் ஓரத்தோரியன் குருக்கள் சமூகத்திலே சேர்ந்து அதன் தலைவருமானார். ஆயினும் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. தலைமைப் பொறுப்பைத் துறந்து, 1686இல் யோவான் என்னும் பணியாளருடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். ஐரோப்பியக் குரு நுழைந்தால் உடனே அடையாளம் காணப்படுவார். இந்தியராகிய தாம் கூலியாள் வேடத்தில் நுழையலாம் என்பது அவருடைய எண்ணம். தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். வந்தவரைக் கொடிய நோய் பற்றிக்கொண்டது. தொற்றுக்கு அஞ்சி ஊரார் விலகினர். கைவிடப்பட்ட குடிசையிலே கிடந்த அவரைப் பெண்ணொருத்தி இரக்கத்தோடு வார்த்த கஞ்சி காப்பாற்றியது.

செபமாலை தன் பணியைச் செய்தது. மெல்ல மெல்லக் கதவுகள் திறந்தன. பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள சில்லாலை மக்கள் அவரைத் தங்கள் ஊரிலே வைத்துக் காத்தனர். பகலில் மறைந்திருந்து, இரவிலே திருப்பலி ஒப்புக்கொடுத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், நோயாளரைச் சந்தித்தார். காட்டிக்கொடுப்போருக்கு வெகுமதி காத்திருந்தும் சில்லாலை அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆயினும் ஒரு நத்தார் இரவிலே, வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்த வீரர்கள் சுற்றிவளைத்தனர். அடிகள் தப்பினார், மக்கள் பிடிபட்டனர். அடியும் சிறையும் அனுபவித்தவர்களுள் சிலர் உயிரையே இழந்தனர். அவர்கள் குருக்களுமல்லர், துறவிகளுமல்லர். நம்மைப் போன்ற குடும்பத்தவர்கள்.

அடிகள் பின்னர் புத்தளம் வழியாக 1692இல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். சிறையிலேயே சிங்களம் கற்றார். சிற்றாலயம் ஒன்றையும் அமைத்தார். 1697இல் கண்டியிலே பெரியம்மை பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, தம் மருமகன் யோசேவ் கர்வாலோ அடிகளோடு தெருவிலும் காட்டிலும் கிடந்தோரைத் தேடிச் சென்று கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். சமயம் பாராது செய்த அந்தச் சேவை, பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பை அவருக்குப் பெற்றுத்தந்தது. 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியிலே இறைவனடி சேர்ந்தார். 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பிலே அவரை அருளாளராகவும், 2015 சனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலிலே புனிதராகவும் உயர்த்தினர்.

புனிதரின் பணியிலே நாம் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்று உண்டு. தாம் எந்நாளும் பிடிபடலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே ஊர்தோறும் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் நியமித்தார். குரு வராத மாதங்களில் அவர்களே மக்களைக் கூட்டிச் செபித்தனர். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தனர். சாவுத் தறுவாயில் இருந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்தனர். பிரித்தானியர் ஆட்சியிலே 1806இல் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீக்கப்பட்டபோது இங்கே ஒரு திருச்சபை உயிருடன் இருந்தமைக்கு, மறைவாக வந்துபோன ஓரத்தோரியன் குருக்களோடு இக்குடும்பங்களும் காரணம்.

ஏறத்தாழ அதே காலத்தில் அயர்லாந்திலும் இத்தகைய சட்டங்கள் கத்தோலிக்கரை நசுக்கின. ஆங்கே மலைச்சரிவுகளில் பாறையைப் பீடமாக்கித் திருப்பலி ஒப்புக்கொடுத்தனர். 1829இல் விடுதலை கிட்டியது. அந்த விசுவாசத்தின் பிள்ளைகள் கடல் கடந்து யாழ்ப்பாணமும் வந்தனர். அவர்களுடைய மண்ணின் புனிதராகிய பத்திரிசியாரின் பெயரை நம் கல்லூரி இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால் இன்று அயர்லாந்திலே ஞாயிறு திருப்பலிக்குச் செல்வோர் ஒரு காலத்தில் இருந்ததைவிட மிகக் குறைவு. வாழ்க்கை முறையின் மாற்றம் ஒரு காரணம். திருச்சபைப் பணியாளர் சிலர் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமைகளும் அவற்றை மூடிமறைத்தமையும் மற்றொரு பெருங்காரணம். கொடுஞ்சட்டத்தால் அழிக்க முடியாததை உள்ளிருந்து எழுந்த குற்றம் அரித்துவிட்டது. குருக்களாகிய நாங்கள் இதை அச்சத்தோடு நினைவில் கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

அன்பான குடும்பங்களே, நம் ஆலயங்களுக்குப் பூட்டில்லை. திருப்பலிக்குச் செல்வதால் எவரும் நம்மைச் சிறையிடுவதில்லை. நம் பெயர்களும் பிள்ளைகளின் பெயர்களும் பங்கு ஏட்டிலே ஒழுங்காகப் பதியப்பட்டுள்ளன. ஒல்லாந்தர் காலத்திலே ஏட்டில் இல்லாத விசுவாசம் இல்லத்தில் இருந்தது. நம் காலத்திலோ ஏட்டில் இருப்பது இல்லத்தில் இருக்கிறதா? மாலைச் செபமாலைக்கு ஒன்றுகூடும் வீடுகள் நம் தெருவில் எத்தனை? போரினால் இடம்பெயர்ந்து கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்தனுப்பியது எதை?

இன்றிரவு பத்து மணித்துளிகளேனும் குடும்பமாக முழந்தாளிட்டுச் செபமாலையைக் கையில் எடுப்போம். அன்று அதைக் கண்டு கதவைத் திறந்த நம் முன்னோரின் விசுவாசத்தை நமக்கும் அருளுமாறு, புனித யோசேவ் வாஸ் அடிகளின் பரிந்துரையால் ஆண்டவரை மன்றாடுவோம்.