அனாதைச் சிறுவன் அமைத்த பேரரசு: செங்கிஸ்கான் வரலாறு

ஆசியாவின் நடுவே, கிழக்கே மஞ்சூரியாவிலிருந்து மேற்கே கருங்கடல் வரை ஒரு பெரும் புல்வெளி நீண்டு கிடக்கிறது. மழை குறைவு. அங்கே ஆடு, மாடு, குதிரை, ஒட்டகம் இவைதான் செல்வம். புல் தீர்ந்தால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். தானியமும் துணியும் வேண்டுமானால் சீனா போன்ற விவசாய நாடுகளுடன் பண்டமாற்று செய்யவேண்டும். அது நடக்காதபோது கொள்ளை அடிப்பார்கள். ஓடும் குதிரையிலிருந்தே திரும்பி அம்பு எய்யக்கூடிய இந்தக் கூட்டங்களை ஒரு தலைவன் ஒன்று சேர்த்துவிட்டால் பெரிய அரசுகளும் நடுங்கின.

கி.மு. 209-ல் சியோங்னு மக்களின் தலைவன் மோதூன் அப்படி ஓர் அரசை உருவாக்கினான். கி.பி. 552-ல் பூமின் என்பவன் துருக்கியரின் முதல் பேரரசை நிறுவினான். வாரிசுச் சண்டைகளால் அவை பிளவுபட்டன. எல்லாவற்றையும் மிஞ்சிய மூன்றாவது பேரரசைக் கட்டியவன், பெற்ற தகப்பனை இழந்து, உற்றாரால் கைவிடப்பட்ட ஒரு சிறுவன்.

உறவினர் கைவிட்டனர்

இன்றைய மங்கோலியாவின் வடகிழக்கில், ஓனோன் ஆற்றுப் பகுதியில், சுமார் 1162-ல் அவன் பிறந்தான். தந்தை எசுகெய் ஒரு சிறு கூட்டத்தின் தலைவன். தாய் ஹோலுன். தான் சிறைபிடித்து வந்த தாத்தார் தலைவனின் பெயரையே, தெமுஜின் என்று மகனுக்குச் சூட்டினான் தந்தை.

தெமுஜினுக்கு 9 வயதானபோது போர்த்தே என்ற சிறுமியை நிச்சயம் செய்து, பையனைப் பெண் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினான் எசுகெய். வழியில் பழைய பகையாளிகளான தாத்தார்கள் உணவில் விஷம் கலந்தனர். வீடு வந்ததும் உயிர் பிரிந்தது.

தலைவன் போனதும் உறவினரான தாய்ச்சியூட் கூட்டத்தார் விதவையையும் பிள்ளைகளையும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டனர். கிழங்கு தோண்டியும், காட்டுப் பழம் பறித்தும், மீன் பிடித்தும் ஹோலுன் பிள்ளைகளைக் காப்பாற்றினாள். வறுமை பகையையும் வளர்த்தது. ஒரு மீனுக்கும் பறவைக்கும் எழுந்த தகராறில், மாற்றாந்தாய் மகன் பெக்தேரைத் தெமுஜினும் தம்பி கஸாரும் அம்பெய்து கொன்றனர். தாய் மனம் வெடித்துத் திட்டித் தீர்த்தாள்.

சில ஆண்டுகளில் அதே தாய்ச்சியூட் கூட்டத்தார் தெமுஜினைப் பிடித்துக் கழுத்தில் மரப்பலகை மாட்டிக் கைதியாக்கினர். ஒரு விருந்து இரவில் காவலனை அந்தப் பலகையாலேயே அடித்து வீழ்த்திவிட்டு, ஆற்று நீரில் முகம் மட்டும் தெரியப் படுத்திருந்தான். சொர்கன் ஷீரா என்ற ஊழியன் பார்த்துவிட்டான், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. கம்பளி ரோமம் ஏற்றிய வண்டிக்குள் மறைத்துவைத்து, குதிரை கொடுத்து அனுப்பினான். சொந்த இரத்தம் கைவிட்டது, அயலான் காத்தான். இந்த அனுபவத்தைத் தெமுஜின் மறக்கவே இல்லை.

திறமைக்கே பதவி

போர்த்தேயை மணந்த சிறிது காலத்தில் மெர்கித் கூட்டத்தார் அவளைக் கடத்திச் சென்றனர். தந்தையின் நண்பன் தோக்ருல், தன் பால்ய சினேகிதன் ஜமுகா ஆகியோரின் துணையோடு தெமுஜின் அவளை மீட்டான். பின்னர் அந்த இருவரோடும் பகை மூண்டது. 1202-ல் தாத்தார்களும், 1203-ல் தோக்ருலின் கெரெயித்களும், 1204-ல் நைமான்களும் வீழ்ந்தனர். 1206-ல் ஓனோன் நதி தோன்றும் இடத்தருகே கூடிய பேரவை அவனைச் செங்கிஸ்கான் என்ற பட்டத்தோடு அரசனாக ஏற்றது.

முதல் வேலையாக அவன் பழைய குலக்கட்டுகளை உடைத்தான். பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று படையைப் பிரித்தான். பல குலத்தாரையும் ஒரே பிரிவில் கலந்து வைத்தான். அப்போது நியமிக்கப்பட்ட ஆயிரவர் பிரிவுகள் 95. பதவி பிறப்பைப் பார்த்து அல்ல, திறமையையும் விசுவாசத்தையும் பார்த்து வந்தது. போர்க்களத்தில் எதிரணியில் நின்று தன்மேல் அம்பு எய்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்ட ஜெபே தளபதியானான். கொல்லன் மகன் என்று சொல்லப்படும் சுபுதாய் அக்காலத்தின் மிகப் பெரிய தளபதியானான். சொர்கன் ஷீராவுக்கு மேய்ச்சல் நிலமும் வரிச்சலுகையும் கிடைத்தன. எழுத்து இல்லாத மங்கோலியருக்காக, துருக்கிய இனத்தவரான உய்குர்களின் எழுத்தைக் கையாளச் செய்தான்.

450 வணிகர்கள்

1211-ல் வட சீனத்தின் மீது படை எடுத்தான். 1215-ல் இன்று பெய்ஜிங் இருக்கும் இடத்திலிருந்த தலைநகர் வீழ்ந்தது. மேற்கே மத்திய ஆசியாவையும் பாரசீகத்தையும் ஆண்ட குவாரிஸ்ம் ஷாவோடு அவன் முதலில் நாடியது வாணிபத்தைத்தான். 1218-ல் சுமார் 450 வணிகர்களை அனுப்பினான். ஒத்ரார் நகர ஆளுநன் அவர்களை ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்று சரக்கைப் பறித்தான். நியாயம் கேட்டுப் போன தூதனையும் ஷா கொன்றான்.

1219-ல் மங்கோலியப் படை புறப்பட்டது. 1220-ல் புகாராவும் சமர்கண்டும் வீழ்ந்தன. ஷா ஓடி, காஸ்பியன் கடல் தீவு ஒன்றில் மாண்டான். 1221-ல் மெர்வ், நிஷாப்பூர் முதலிய நகரங்கள் பிணக்காடாயின. கைத்தொழில் தெரிந்தவர்களைத் தனியே பிரித்து மங்கோலியாவுக்கு ஓட்டிச் சென்றனர். மற்றவர்களை வாளுக்கு இரையாக்கினர். ஆளுநன் ஒருவன் பேராசைக்கும் அரசன் ஒருவன் ஆணவத்துக்கும் பாவப்பட்ட மக்கள் கொடுத்த விலை அது.

ஷாவின் மகன் ஜலாலுத்தீன் 1221-ல் சிந்து நதிக்கரையில் தோற்று, குதிரையோடு நதியில் பாய்ந்து நீந்திக் கரை சேர்ந்தான். அவன் வீரத்தைச் செங்கிஸ்கானே மெச்சினான். ஜலாலுத்தீன் தில்லியில் அடைக்கலம் கேட்டபோது, சுல்தான் இல்டுமிஷ் இந்நாட்டு வெப்பம் ஒத்துக்கொள்ளாது என்று நயமாகத் தட்டிக்கழித்தான். செங்கிஸ்கானும் திரும்பிப் போனான். தில்லி தப்பியது.

சாகா மருந்து இல்லை

வயது ஏற ஏற மரண பயம் வந்தது. சாங்சுன் என்ற சீனத் துறவியை வரவழைத்து, 1222-ல் இந்துகுஷ் மலைப்பக்கம் சந்தித்துச் சாகா மருந்து கேட்டான். ஆயுளைக் காக்க வழி உண்டு, சாவைத் தடுக்க மருந்து இல்லை என்று துறவி உண்மையைச் சொன்னார். செங்கிஸ்கான் கோபிக்கவில்லை. துறவியின் கூட்டத்தாருக்கு வரிவிலக்கு அளித்தான். 1227 ஆகஸ்டில், மேற்கு சியா நாட்டின் மீது நடந்த போரின்போது இறந்தான். அவன் கல்லறை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

அவன் விட்டுச்சென்றவை

பேரன் ஹுலாகு 1258-ல் பாக்தாத்தை அழித்தான். இன்னொரு பேரன் குப்ளாய் சீனச் சக்கரவர்த்தியானான். மகன் ஒகதாய் காலத்தில் ஒழுங்கான குதிரை அஞ்சலால் வணிகரும் தூதரும் ஆசியாவைக் குறுக்கே கடந்தனர். குப்ளாயிடம் பணிபுரிந்த மார்க்கோ போலோ, ஊர் திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும் கண்டான்.

சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. 1281-ல் வெட்டப்பட்டது. அங்கே வாணிபம் செய்யப் போன தமிழர் சிவன் கோயில் எழுப்பி, கான் நலமாக இருக்கவேண்டும் என்று இறைவனை வேண்டியதை அது தெரிவிக்கிறது. அந்தக் கான் குப்ளாய்தான்.

1526-ல் பானிபட்டில் வென்ற பாபர் தந்தை வழியில் தைமூரின் வம்சம். தாய் வழியில் செங்கிஸ்கானின் வம்சம். அவர் தம்மைத் துருக்கியராகவே கருதினார். ஆனால் நிலைத்த பெயர் மொகலாயர். மங்கோலியர் என்ற சொல்லின் பாரசீக உருவம் அது.

மங்கோலியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அவனைப் புகழ்வது குற்றமாயிருந்தது. 1990-க்குப் பின் நிலைமை மாறியது. 2008-ல் உலான்பாத்தருக்குக் கிழக்கே 40 மீட்டர் உயரக் குதிரைச் சிலை எழுந்தது. ஈரானிலோ அவன் பெயர் அழிவின் பெயராகவே நிற்கிறது. குலம் பார்க்காமல் மனிதரை உயர்த்தியவனும், ஊர்களை உருத்தெரியாமல் ஆக்கியவனும் ஒருவனே. இரண்டையும் சேர்த்துத்தான் அவனை எடைபோடவேண்டும்.