இரத்தத்தைக் கட்டிய கைகள்

(ஆம்புரோஸ் பாரே வாழ்க்கை வரலாறு)



லேத், டிரில்லிங், கிரைண்டிங் என்று மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நாம். டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் போகப்போவது இருங்காட்டுக்கோட்டை, வல்லம், ஒரகடம் பக்கம்தான். பிரஸ் ஷாப்பில் ஒரு நொடி கவனம் தவறினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பீறிட்டுவரும் இரத்தத்தை எப்படி நிறுத்துவது என்று கேட்டால் பாதிப்பேர் முழிப்போம். அது டாக்டர் வேலை, நமக்கெதுக்கு என்பதுதான் பதில். அந்தப் பதில் சரியா என்பதை ஆம்புரோஸ் பாரேயின் வாழ்க்கை சொல்லும்.

1510-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்ஸ் நாட்டின் லாவால் நகருக்கு அருகே, ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர் பாரே. படித்த மேதைகளின் மொழியான லத்தீன் அவருக்குத் தெரியாது. முடிதிருத்தும் தொழிலில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அங்கே கட்டி கீறுவதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் முடிதிருத்துபவரின் வேலை. நம்ம ஊரிலும் அப்படித்தானே இருந்தது? அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் இன்றும் உண்டு. பிறகு பாரிஸில் ஓத்தல் தியூ என்ற பெரிய ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நோயாளிகளோடு இருந்து தொழில் கற்றார்.

1530-களின் பிற்பகுதியில் படையோடு இத்தாலிக்குப் போனார். துப்பாக்கிக் காயத்தில் விஷம் இருக்கிறது, கொதிக்கும் எண்ணெயை ஊற்ற வேண்டும் என்பது அன்றைய பாடம். ஒருநாள் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் கலந்து பூசினார். இவர்கள் செத்துப்போவார்களோ என்ற கவலையில் தூக்கமே வரவில்லை. விடியுமுன் எழுந்து போய்ப் பார்த்தால் அதிசயம்! எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வீக்கத்திலும் துடித்தார்கள். மற்றவர்களோ ஓரளவு நிம்மதியாகத் தூங்கியிருந்தார்கள். புத்தகம் சொன்னதைவிடக் கண் கண்டதே பெரிது என்று அன்று முடிவெடுத்தார். 1545-இல் இதைப் புத்தகமாக எழுதினார், அதுவும் சாதாரண ஜனங்கள் பேசும் பிரெஞ்சு மொழியில்!

அடுத்தது இரத்தப்போக்கு. கை, கால் வெட்டி எடுக்கும்போது பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டுத்தான் இரத்தத்தை நிறுத்துவார்கள். அந்த வேதனை தாங்காமலேயே பலர் போய்ச் சேர்ந்தார்கள். இரத்தக் குழாயை நூலால் கட்டலாம் என்பது பழைய வைத்தியர்கள் அறிந்த முறைதான். ஆனால் கால் வெட்டும்போது யாரும் அதைச் செய்வதில்லை. 1552-இல் தாம்வில்லே முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்ட ஒருவரின் காலை எடுக்க வேண்டிவந்தது. பாரே சூட்டுக்கோலைத் தொடவில்லை. இரத்தக் குழாயை இடுக்கியால் பிடித்து இழுத்து நூலால் கட்டினார். ஆள் பிழைத்தார். வெட்டும் இடத்துக்கு மேலே பட்டையால் இறுகக் கட்டும் வழக்கமும் அவரிடம் இருந்தது. இதையே 1718-இல் ழான் லூயி பெத்தி என்ற பிரெஞ்சு சர்ஜன் திருகாணி வைத்த டூர்னிக்கெட்டாக மாற்றினார். பாருங்கள், நம்ம ஸ்குரூ த்ரெட் உயிரையும் காப்பாற்றியிருக்கிறது!

கை இழந்தவர்களையும் பாரே மறக்கவில்லை. பூட்டுத் தொழிலாளி ஒருவர் செய்த, ஸ்பிரிங்கும் பற்சக்கரமும் கொண்ட இரும்புக் கையைத் தன் நூலில் படம் போட்டு விளக்கினார். லத்தீன் தெரியாதவர் வைத்தியம் எழுதுவதா என்று பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். அவரோ நான்கு மன்னர்களுக்கு சர்ஜனாக இருந்து, 1590 டிசம்பர் 20-இல் காலமானார்.

சரி, நாம் செய்யக்கூடியது என்ன? முதலில் மெஷினை ஆஃப் செய்யுங்கள். ஒருவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அடிபட்டவரைப் படுக்க வையுங்கள். கையுறை இருந்தால் போட்டுக்கொண்டு, சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக்கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள்; அதன் இரு பக்கமும் அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், கிரீஸ் படிந்த காட்டன் வேஸ்ட் இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காமல் பீறிட்டால்தான் டூர்னிக்கெட். காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ. தள்ளி, மூட்டின் மேல் படாமல், அகலமான பட்டையால் இரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். கயிறும் கம்பியும் சதையை அறுத்துவிடும். கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். பிறகு நடுவில் தளர்த்தக்கூடாது. அது டாக்டர் பொறுப்பு. துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கூடவே அனுப்புங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது.

ஒரு மனிதனின் உடம்பில் இருப்பது சுமார் 5 லிட்டர் இரத்தம்தான். பெரிய குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நிமிடங்களில் பக்கத்தில் நிற்பது நாம்தான். 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளர் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதி வைத்ததும் இதனால்தான்.

நண்பர்களே, வேலைக்குச் சேரும் முதல் நாளே மெயின் சுவிட்ச் எங்கே என்று பார்ப்போம் அல்லவா? அப்படியே முதலுதவிப் பெட்டி எங்கே, சாவி யாரிடம் என்றும் கேட்டு வையுங்கள். பட்டம் இல்லாத ஓர் அப்ரண்டிஸின் கை அன்று உயிர்களைக் காத்தது. நம் கையாலும் முடியும்!