டத்தோ ஓன் ஜாபார்: நாம் எதிர்த்த, ஆதரித்த, விட்டு விலகிய தலைவர்

பள்ளியில் வரலாறு படித்த காலத்தில் டத்தோ ஓன் ஜாபார் என்றால் எனக்கு இரண்டே செய்திகள்தாம். மலாயன் யூனியனை எதிர்த்தவர், அம்னோவை நிறுவியவர். எஸ்.பி.எம். தேர்வுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பத்து பகாட் மாவட்டத்தில், பாரிட் ராஜாவிலுள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்திற்குப் படிக்க வந்த பிறகு, மகனின் பெயரைத் தாங்கிய இடத்தில் இருந்துகொண்டு தந்தையைப் பற்றியும் அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் பிறந்தது. படிக்கப் படிக்க வியப்பே மிஞ்சியது. இந்த மலாய்த் தலைவரின் வாழ்க்கையில் இந்தியர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1947-இல் நம் தலைவர்கள் அவரை எதிர்த்தார்கள். 1952-இல் தேர்தல் களத்தில் அவரை ஆதரித்தார்கள். 1954-இல் அவருடைய எதிரணியில் சேர்ந்தார்கள். ஏழு ஆண்டுகளில் மூன்று நிலைப்பாடுகள்! இது வெறும் சந்தர்ப்பவாதம்தானா, அல்லது அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறதா? இக்கேள்வியை மனத்தில் வைத்தே அவருடைய வாழ்க்கையை இங்கே சொல்ல முற்படுகிறேன்.

அரண்மனை நிழலில் வளர்ந்தவர்

ஓன் ஜாபார் 1895 பிப்ரவரி 12-ஆம் நாள் ஜொகூர் பாருவில் பிறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஜொகூர் தனக்கென ஓர் எழுதப்பட்ட அரசியலமைப்பைப் பெற்றது. அவருடைய தந்தை ஜாபார் ஹாஜி முகமது ஜொகூரின் முதல் மந்திரி பெசார். தாயார் ரொகாயா ஹானிம் துருக்கியிலிருந்து வந்தவர். சுல்தானின் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டுப் படித்தார். பின்னர் கோலாகங்சார் மலாய்க் கல்லூரியிலும் பயின்றார்.

இப்படி அரண்மனை நிழலில் வளர்ந்தவர் அரண்மனைக்கு அடங்கியே வாழ்ந்திருப்பார் என்று நாம் நினைப்போம். அவரோ சுல்தான் இப்ராகிமைக் குறைகூறிச் சிங்கப்பூர் ஏட்டில் எழுதினார். அதன் விளைவாக 1927-இல் ஜொகூரை விட்டு வெளியேற்றப்பட்டார். சிங்கப்பூரில் பத்திரிகையாளராக வாழ்ந்து, வார்த்தா மலாயா நாளேட்டின் ஆசிரியராகப் பெயர் பெற்றார். 1936-இல் சுல்தானோடு இணக்கம் ஏற்பட்டுத் தாயகம் திரும்பினார்.

இருந்தாலும் அவர் புரட்சிக்காரர் அல்லர். சுல்தான்களின் மாண்பு காக்கப்பட வேண்டும், மாற்றம் படிப்படியாக வர வேண்டும், ஆங்கிலேயரோடு பேசியே எதையும் பெற வேண்டும் என்பதே அவருடைய வழி. இன்றைய அரசியல் சொல்லில் கூறினால் அவர் ஒரு பழமைவாதி. நம்மவர்கள் ஆதரித்தது இத்தகைய ஒருவரைத்தான் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பத்து பகாட்டில் அணைத்த தீ

1945-இல் ஜப்பானியர் சரணடைந்த வேளையில் பத்து பகாட், மூவார் வட்டாரங்களில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே பெரும் மோதல் மூண்டது. காட்டிலிருந்து வெளிவந்த கம்யூனிஸ்ட் படையினர் பழிதீர்க்கத் தொடங்கினார்கள். அவர்களை எதிர்த்துக் கியாய் சாலே என்ற சமயத் தலைவரின் பின்னே மலாய்க் கிராமத்தார் பாராங்கத்தியோடு திரண்டார்கள். அப்போது பத்து பகாட்டின் மாவட்ட அதிகாரியாக இருந்தவர் ஓன் ஜாபார். அவர் கியாய் சாலேயைச் சந்தித்துப் பேசி, நடக்கவிருந்த தாக்குதலைத் தடுத்தார்.

பின்னாளில் எல்லா இனங்களுக்கும் பொதுவான கட்சி வேண்டும் என்று அவர் கேட்டதற்கு விதை இங்கேதான் விழுந்தது என்று நான் எண்ணுகிறேன்.

மலாயன் யூனியனும் நம்மவர்களும்

போர் முடிந்ததும் ஆங்கிலேயர் மலாயன் யூனியன் திட்டத்தைக் கொண்டு வந்தனர். சுல்தான்களின் அதிகாரம் பறிபோகும். மலாய்க்காரர் அல்லாதவர்களுக்குக் குடியுரிமை எளிதாகக் கிடைக்கும். இங்குப் பிறந்தவர்களும், முந்தைய 15 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இங்கு வாழ்ந்தவர்களும் குடியுரிமை பெறலாம் என்பது அதன் சாரம்.

மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். 1946 மார்ச்சில் கோலாலம்பூரில் மாநாடு கூடியது. ஏப்ரல் 1-ஆம் நாள் நடந்த தொடக்க விழாவிற்குச் சுல்தான்கள் செல்லாமல் தடுத்தவர்களில் முதன்மையானவர் ஓன். மே 11-ஆம் நாள் ஜொகூர் பாரு பெரிய அரண்மனையில் அம்னோ உருவாகி, அவர் அதன் முதல் தலைவரானார். அதே ஆண்டு ஜொகூரின் மந்திரி பெசார் பொறுப்பையும் ஏற்றார்.

குடியுரிமைக் கதவு திறந்திருந்த அந்த நேரத்தில் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பலருடைய கண்ணும் காதும் இந்திய விடுதலையின் பக்கமே இருந்தன. 1946 ஆகஸ்டில் ஜான் திவியின் தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் பிறந்தபோது மலாயன் யூனியன் ஏறக்குறைய செத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னர் ம.இ.கா. இடதுசாரிக் கட்சிகளோடு கைகோத்து, அம்னோவும் ஆங்கிலேயரும் பேசி முடித்த கூட்டரசு ஒப்பந்தத்தை எதிர்த்தது. 1947 அக்டோபர் 20-ஆம் நாள் நாடு தழுவிய கடையடைப்பும் நடந்தது. பயனில்லை. 1948 பிப்ரவரி 1-ஆம் நாள் மலாயாக் கூட்டரசு உதயமானது. குடியுரிமை விதிகள் இறுகின. வெளிநாட்டில் பிறந்த ஒருவர் 15 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். மலாயோ ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டும்.

குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் தாத்தாவைப் போன்றவர்களுக்கு இது எத்தகைய சுவர் என்பதை எண்ணிப் பாருங்கள். விடியற்காலை பிரட்டில் தொடங்கி மாலை வரை தோட்டத்திலேயே கழிந்த வாழ்க்கை. பத்திரம் ஏது? பாஷை ஏது? அந்தச் சுவரை எழுப்பியதில் ஓன் ஜாபாருக்குப் பெரும்பங்கு உண்டு. நம்மவர்கள் அவரை எதிர்த்ததில் வியப்பில்லை.

தன் கட்சியோடு மோதியவர்

ஆனால் 1949-க்குப் பிறகு ஓன் மாறத் தொடங்கினார். அவ்வாண்டு சமூகங்களின் தொடர்புக் குழு அமைக்கப்பட்டது. மலாய், சீன, இந்திய, இலங்கைத் தமிழர் சமூகங்களின் தலைவர்கள் மூடிய அறையில் அமர்ந்து பேசினார்கள். அக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் யாழ்ப்பாணத் தமிழர் சமூகத்தைச் சேர்ந்த இ.இ.சி. துரைசிங்கம் என்பது நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி. ஓன் அக்குழுவில் முக்கிய உறுப்பினர். மலாய்க்காரர்களின் பொருளாதாரம் உயர வேண்டும். மற்றவர்களின் குடியுரிமையும் தளர வேண்டும் என்ற இரண்டையும் ஒருசேரப் பேசிய குழு அது.

குடியுரிமையைத் தளர்த்தும் யோசனையை அவர் அம்னோவிடம் கொண்டு சென்றபோது கட்சி மறுத்தது. 1950-இன் நடுவில் அவர் பதவி விலகினார். அவர் இல்லாமல் முடியாது என்று கட்சி மீண்டும் அழைத்தது; யோசனையையும் ஏற்றது. 1952-இல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, அதற்கு வழிவிட்டவர்களில் ஓனும் ஒருவர். மலாயன் யூனியன் காலத்தில் கதவைச் சாத்தியவரே, இப்போது தன் ஆட்களோடு சண்டையிட்டு அதைச் சற்றுத் திறந்துவிட்டார்.

அதோடு அவர் நிற்கவில்லை. அம்னோவின் பெயரிலுள்ள மலாய் என்ற சொல்லை மலாயர் அனைவரையும், அதாவது மலாயாவில் வாழும் எல்லா இனத்தவரையும் குறிக்கும் சொல்லாக மாற்றி, மற்றவர்களுக்கும் கட்சியில் இடமளிக்க வேண்டும் என்றார். இம்முறை கட்சி அசையவில்லை. 1951 ஆகஸ்டில் தாம் பெற்றெடுத்த கட்சியை விட்டே வெளியேறினார். துங்கு அப்துல் ரகுமான் அம்னோவின் தலைவரானார். செப்டம்பரில் ஓன், எல்லா இனத்தவரும் சேரக்கூடிய மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார்.

1952: நம்மவர்களின் ஆதரவு

1952 பிப்ரவரி 16-ஆம் நாள் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத் தேர்தல் நடந்தது. மொத்தம் 12 இடங்கள். ஒரு பக்கம் ஓனின் கட்சி. மறுபக்கம் சிலாங்கூர் அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் அவசரமாகச் சேர்ந்த கூட்டு. கே.எல். தேவாசர் தலைமையிலிருந்த ம.இ.கா. ஓனின் கட்சியை ஆதரித்தது.

ஏன்? என் சிற்றறிவுக்கு எட்டியவரை இரண்டு காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, எண்ணிக்கை. இனவாரியாகக் கட்சிகள் பிரிந்து நின்றால் மிகச் சிறிய பங்கு யாருக்கு வரும்? நமக்குத்தான். இனம் பாராத கட்சியே சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு என்று அன்றைய தலைவர்கள் கருதினார்கள். இரண்டாவது, அந்த மனிதர் கொடுத்த விலை. குடியுரிமைக்காகத் தம் சொந்தக் கட்சியையே இழந்தவர் வேறு யார் இருந்தார்?

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. அவர் ஆங்கிலேயரின் செல்லப்பிள்ளை என்ற பேச்சு பரவலாக இருந்தது. 1951-இல் காலனித்துவ அரசில் உள்துறைப் பொறுப்பையும் அவர் ஏற்றிருந்தார். விடுதலையை விரைவாகக் கேட்டவர்களுக்கு அவருடைய படிப்படியான பாதை பிடிக்கவில்லை.

முடிவு வந்தது. அம்னோ-சீனர் சங்கக் கூட்டு 9 இடங்களில் வென்றது. ஓனின் கட்சிக்குக் கிடைத்தவை 2 மட்டுமே. ஓர் இடம் சுயேச்சைக்குப் போனது. அவசரத்தில் பிறந்த அந்தக் கூட்டே பிறகு நாட்டை ஆளப்போகும் கூட்டணியாக வளர்ந்தது.

பிரிவும் தோல்வியும்

தோல்வி மனிதர்களைச் சோதிக்கிறது. ஓன் அச்சோதனையில் தடுமாறினார். எல்லோருக்கும் பொதுவானவராக நின்று வெல்ல முடியவில்லை என்று கண்டதும், மலாய் வாக்குகளை மீட்கப் பார்த்தார். சீனர்களைக் கடுமையாகச் சாடினார். 1954-இல் அவர் தொடங்கிய நெகாரா கட்சி, முந்தைய கட்சியின் பரந்த நோக்கத்தை விட்டு மலாய் உரிமை பேசும் கட்சியாகச் சுருங்கியது. நம்மவர்கள் எதற்காக அவரை ஆதரித்தார்களோ அந்தக் காரணமே இல்லாமல் போயிற்று. 1954-இல் ம.இ.கா. கூட்டணியில் இணைந்தது. மறு ஆண்டு வீ.தி. சம்பந்தன் அதன் தலைவரானார்.

1955 ஜூலை 27-ஆம் நாள் கூட்டரசு சட்டமன்றத்திற்கு முதல் பொதுத்தேர்தல். 98 உறுப்பினர் கொண்ட மன்றத்தில் 52 பேரை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். வாக்காளர்கள் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். இந்தியர்கள் 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. தோட்டத்தில் உழைத்த என் தாத்தாவும் அன்று வாக்காளர் இல்லை.

ஓன் தாம் பிறந்த ஜொகூர் பாருவிலேயே போட்டியிட்டார். அம்னோவின் சுலைமான் அப்துல் ரகுமான் அவரைத் தோற்கடித்தார். கூட்டணி 51 இடங்களை அள்ளியது. எஞ்சிய ஒன்று பாஸ் கட்சிக்கு. நெகாரா கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. மலாய்க்காரர்கள் அவர் முன்பு திறந்த கதவை மன்னிக்கவில்லை. மற்றவர்கள் அவர் பிறகு சாத்திய கதவை மறக்கவில்லை. கூட்டணியில் 2 இடங்கள் பெற்றுப் போட்டியிட்ட ம.இ.கா., அதன் வழியே விடுதலைப் பேச்சுகளில் குரல் கொடுக்க முடிந்தது. 1957-இல் விடுதலை நாளிலும் அதற்குப் பின்னும் இம்மண்ணில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்ற விதி அரசியலமைப்பில் இடம்பெற்றது.

இறுதி நாட்கள்

ஓன் அரசியலை விட்டு ஓடவில்லை. 1959-இல் கோலதிரங்கானு தெற்குத் தொகுதியில் வென்று, தாம் நிறுவிய கட்சிக்கு எதிர்வரிசையில் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். 1962 ஜனவரி 19-ஆம் நாள், தம் 66-ஆம் வயதில் ஜொகூர் பாருவில் காலமானார். மாமூடியா அரச அடக்கத்தலத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. தந்தையோடு அம்னோவை விட்டு வெளியேறிய மகன் உசேன், 1968-இல் மீண்டும் கட்சிக்குத் திரும்பி, 1976-இல் நாட்டின் மூன்றாவது பிரதமரானார். ஓனைக் கைவிட்ட கட்சி, கோலாலம்பூரிலுள்ள தன் தலைமையகக் கோபுரத்திற்கு அவருடைய பெயரையே சூட்டியது.

நமக்குச் சொல்வது என்ன?

நம் தலைவர்கள் 1947-இல் எதிர்த்தது, 1952-இல் ஆதரித்தது, 1954-இல் விலகியது ஆகிய மூன்றுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: தோட்டத்துத் தமிழனுக்கு இந்த நாட்டில் உரிமை கிடைக்குமா, கிடைக்காதா? மனிதர் மாறியபோது நிலைப்பாடு மாறியது, அளவுகோல் மாறவில்லை. ஆகவே அதை நான் சந்தர்ப்பவாதம் என்று சொல்ல மாட்டேன். அதே வேளையில் ஓர் இழப்பும் உண்டு. இனம் பாராத கட்சி என்ற முயற்சி அன்று முளையிலேயே கருகியது. இனத்துக்கொரு கட்சி என்ற ஏற்பாடே நம் தேர்தல் வாழ்க்கையாக வேரூன்றியது. அதன் நிறைகுறைகளை இன்றும் நாம் சுமக்கிறோம்.

மாணவ நண்பர்களே, 18 வயதினர் முதன்முதலாக வாக்களித்த தேர்தல், 2022 மார்ச் 12-ஆம் நாள் நம் ஜொகூரில்தான் நடந்தது. பத்திரம் இல்லாததால் நம் தாத்தா பாட்டிகளுக்குக் கிடைக்காத வாக்குச்சீட்டு, இன்று விண்ணப்பிக்காமலேயே நம் கைக்கு வருகிறது. வேட்பாளர் பழமைவாதியா, புதுமைவாதியா, எந்த இனத்தவர், எந்தக் கொடியின்கீழ் நிற்கிறார் என்பதெல்லாம் பிறகு. அவர் யாருக்காக என்ன விலை கொடுத்தார், கொடுத்த வாக்கில் இன்னும் நிற்கிறாரா என்பதை முதலில் விசாரியுங்கள். நிற்கும்வரை துணை நில்லுங்கள். டத்தோ ஓன் ஜாபாரின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுவே.