தேசிங்கைப் பாடும் நாடு சுப்பாராவை மறக்கலாமா?

தேசிங்கு ராஜன் கதையைக் கேளாமல் செஞ்சிச் சீமையில் யார் வளர்ந்தார்? 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து மாண்ட அந்த இளைஞனைப் பாடுகிறோம், பாடட்டும், தவறில்லை. ஆனால், யானைக்கால் நோயால் வீங்கிய காலோடு ஏர் பிடித்த உழவனுக்கு மாத்திரை கிடைக்க வழி செய்தவனை எந்த ஊரில் பாடுகிறோம்?

எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர். 1895-இல், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். வறுமை வாட்டிய குடும்பம். மூன்றாம் முறைதான் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறர் உதவியால் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். உடன்பிறந்தார் இருவரைக் குடல் நோய் கொண்டு சென்றது. அந்தத் துயரமே அவரை ஆராய்ச்சிக்குத் துரத்தியது.

1920-களின் தொடக்கத்தில் கடல் கடந்தார். அமெரிக்காவின் பாஸ்டனில், வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் இரவுக் கூலிவேலை, பகலெல்லாம் படிப்பு! பிஸ்கே என்பவரோடு சேர்ந்து, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளை 1929-இல் கண்டறிந்தார். அத்தனை செய்தும் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்கு நிலையான பதவி தரவில்லை. தகுதி குறைவா? இல்லை, இல்லவே இல்லை!

1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் தலைமையில் இயங்கிய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். இரத்தசோகையைத் தீர்க்கும் சத்து அது. அந்தச் சத்து இல்லாமல் புற்றணு பெருக முடியாது என்பதால், அதைப் போலவே தோற்றம் காட்டி அணுவை ஏமாற்றும் அமினாப்டெரின் என்ற மருந்தையும் செய்தனர். பாஸ்டனில் டாக்டர் பார்பர் அதை இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் 16 பேருக்குக் கொடுத்தார். பத்துப் பேருக்கு நோய் தணிந்தது! சில காலமே நீடித்தது அந்தத் தணிவு. ஆனாலும் மருந்தால் இந்த நோயை எதிர்க்கலாம் என்று உலகம் 1948-இல் அறிந்துகொண்டது. அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் நோயாளிகளைக் காக்கிறது.

யானைக்கால் நோய்க்கான ஹெட்ரஸான் மருந்தும் 1947-இல் அதே நிறுவனத்தில், அவர் காலத்தில்தான் வந்தது. 2004 முதல் இந்திய அரசு நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை வழங்கத் தொடங்கியதும் அதே மருந்துதான்.

1948 ஆகஸ்டில், 53 வயதில், தாய்நாடு திரும்பாமலே அமெரிக்க மண்ணில் கண்மூடினார். பட்டமும் பதவியும் பிறருக்கு. பலன் மட்டும் உலகுக்கு!

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? அறிவு செல்வர் வீட்டுச் சொத்தல்ல. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் வாய்ப்புக் கிடைத்தால் உலகையே வாழவைப்பான். அந்த வாய்ப்புக்காகவே அரசுப் பள்ளி வேண்டும் என்கிறோம், அரசு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்கிறோம். மருந்து கண்டவன் ஏழை; அந்த மருந்து ஏழைக்கு எட்டாமற் போனால் அது நாட்டுக்கு வெட்கம்! தேசிங்கின் வாள் துருப்பிடித்தது. சுப்பாராவின் மருந்தோ இன்றும் உயிர் காக்கிறது. அதைக் குடிசை வாசல்வரை கொண்டுசேர்ப்பது நம் கடமை!