துளி நீரில் உலகு கண்ட துணி வணிகர்

பெரும்பட்டம் பெற்றோரே அறிவியலுக்குத் தொண்டாற்ற வல்லார் என்று கருதுவோர் பலர். அக்கருத்து முற்றும் சரியன்று என்பதற்கு ஹாலந்து நாட்டு ஆண்டனி வான் லீவன்ஹூக் என்னும் பெருமகனாரின் வாழ்க்கை நல்லதொரு சான்று. நீர்த்துளியில் நடமாடும் நுண்ணுயிர்களை முதன்முதல் கண்டு உலகுக்கு உரைத்தவர் இவரே. இவர் வரலாற்றை நம் சங்கக் குடும்பத்தினர்க்குச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

1632ஆம் ஆண்டு டெல்ஃப்ட் நகரில், கூடை முடையும் தொழிலாளி ஒருவரின் மகனாக இவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாம் சென்று துணிக்கடை ஒன்றில் தொழில் பயின்றார். 1654இல் ஊர் திரும்பி, மணம் புரிந்து, சொந்தத்தில் துணிக்கடை வைத்தார். பிறந்த குழந்தைகளுள் மரியா என்னும் மகள் ஒருத்தியே வளர்ந்து பெரியவளானாள். 1660 முதல் நகர மன்றத்தில் சிறு பணியொன்றும் அவருக்குக் கிடைத்தது. அந்நாளைய அறிஞர்களின் மொழியாகிய இலத்தீனை அவர் அறியார். தாய்மொழியாகிய டச்சு ஒன்றே அறிவார்.

துணியின் இழைகளை எண்ணிப் பார்க்க வணிகர் உருப்பெருக்குக் கண்ணாடியைக் கையாளுவது வழக்கம். லீவன்ஹூக்கோ அதனினும் ஆற்றல் மிக்க வில்லைகளைத் தம் கையாலேயே செய்யத் தொடங்கினார். அவருடைய நுண்ணோக்கி உள்ளங்கையில் அடங்குவது. இரு உலோகத் தகடுகளுக்கிடையே பதித்த ஒரே ஒரு சிறு வில்லை. பொருளை நிறுத்த ஓர் ஊசிமுனை. அதனை நகர்த்தச் சில திருகாணிகள். இவ்வளவே. எனினும் இன்று எஞ்சியுள்ளவற்றுள் ஒன்று பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டவல்லது.

1673இல் டெல்ஃப்ட் நகர மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப், இலண்டன் ராயல் சொசைட்டிக்கு இவரை அறிமுகம் செய்து எழுதினார். மறு ஆண்டு, தம் ஊருக்கு அருகிலிருந்த ஏரியொன்றின் நீரை லீவன்ஹூக் ஆராய்ந்தார். மாரியில் தெளிந்திருக்கும் அவ்வேரி கோடையில் கலங்கிப் பச்சை படரும். அது பனியின் விளைவு என்று ஊரார் நம்பினர். அவர் அந்நீரை ஒரு குப்பியில் கொணர்ந்து நோக்கினார். சுருள்சுருளான பசிய இழைகளையும், அவற்றிடையே மேலும் கீழும் சுழன்றும் விரைந்தோடும் எண்ணற்ற சிற்றுயிர்களையும் கண்டார்.

டச்சுக் கப்பல்கள் கீழைநாட்டு மிளகைக் கொண்டு குவித்த காலம் அது. மிளகின் காரத்திற்குக் காரணம் யாதென அறிய விரும்பி, அவர் அதனை நீரில் ஊறவைத்தார். காரத்தின் காரணம் புலப்படவில்லை. ஆனால் அந்நீரில், முன்பு கண்டவற்றினும் மிகச் சிறியனவாகிய உயிர்கள் புலப்பட்டன. அவையே இன்று நாம் பாக்டீரியா என வழங்குபவை. 1676 அக்டோபரில் இச்செய்தியை இலண்டனுக்கு எழுதினார்.

அறிஞர்கள் ஐயுற்றனர். கல்லூரி வாசலை மிதியாத கடைக்காரர் ஒருவரின் சொல்லை எங்ஙனம் ஏற்பது? அவரோ சினந்து ஒதுங்கவில்லை. சமயகுருமார் உள்ளிட்ட ஊர்ப் பெரியோர் எண்மரை அழைத்து, அவர்தம் கண்களாலேயே காணச் செய்து, சான்றுரை பெற்று அனுப்பினார். 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் தாமே சோதித்து உண்மையென உறுதி செய்தார். 1680இல் அக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

பின்னரும் அவர் ஓய்ந்திலர். 1683இல் பற்களில் படியும் அழுக்கில் நுண்ணுயிர்களைக் கண்டு எழுதினார். 1702இல் கூரை நீர்த்தாரையில் காய்ந்து கிடந்த வண்டலை மீண்டும் நனைத்தபோது, உலர்ந்து உருண்டு கிடந்த சிற்றுயிர்கள் விரிந்து நீந்தக் கண்டு வியந்தார். இரஷ்யப் பேரரசர் பீட்டரும் 1698இல் அவருடைய கருவிகளைக் கண்டு சென்றார்.

இத்தகைய பெரியாரிடத்தும் ஒரு குறை இருந்தது. தம் சிறந்த வில்லைகளைச் செய்யும் முறையை அவர் எவர்க்கும் கற்பிக்கவில்லை. 1723இல் தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தபின், அதே நுட்பத்துடன் அப்பணியைத் தொடர ஆளில்லை. ராயல் சொசைட்டிக்கு அவர் விட்டுச்சென்ற 26 வெள்ளி நுண்ணோக்கிகளும் பிற்காலத்தில் காணாமற்போயின. பாக்டீரியாவே ஆந்த்ராக்ஸ் நோயை விளைவிக்கிறது என்று ராபர்ட் காக் நிறுவியது 1876இல். மிளகு நீர்க் கடிதம் எழுதிச் சரியாக 200 ஆண்டுகளுக்குப் பின்! 2021இல் எஞ்சிய ஒரு கருவியைப் பிரிக்காமலே நியூட்ரான் கதிர்களால் ஆராய்ந்தோர், அதன் வில்லை கண்ணாடியை உருக்கிச் செய்த சிறு உருண்டை என்று கண்டனர். அம்முறையை ஹூக் முன்னரே நூலில் வெளியிட்டிருந்தார் என்பது குறிப்பிடத் தக்கது.

நம் குடியிருப்புச் சிறாரில் எவரேனும் குளத்து நீர்த்துளியொன்றை நுண்ணோக்கியின்கீழ் வைத்தால், அப்பெருமகனார் கண்ட காட்சியைத் தாமும் காணலாம். கண்டதைக் கண்டவாறே எழுதும் நேர்மையை அவரிடம் கற்போம். அவர் கல்லாது விட்ட ஒன்றையும் உடன் கற்போம். அறிந்ததைப் பிறர்க்கும் அளித்தல் என்பதே அது. அறிவு நிலைப்பது அவ்வழியால் அன்றோ!